முதியோர் பராமரிப்பில் ஆணும் பெண்ணும் முறை போட்டுக்கொள்வது எப்படி?

வீட்டில் ஒரு முதியவர் படுத்துவிட்டால், அல்லது துணையில்லாமல் எழுந்து நடமாட முடியாமல் போனால், வேலைகள் தாமாகவே இரண்டு வகையாகப் பிரிந்துவிடும். தள்ளிப்போடக்கூடியவை ஒரு பக்கம்: வங்கிக்குப் போவது, மருந்து வாங்கி வருவது, மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவது, ஆடும் கட்டிலைச் சரிசெய்வது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது. இன்று முடியாவிட்டால் நாளை செய்யலாம். தள்ளிப்போடவே முடியாதவை மறுபக்கம்: மலம் போனவுடன் சுத்தம் செய்வது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, இரவில் கூப்பிட்டால் எழுவது. பெரும்பாலான குடும்பங்களில் முதல் வகை ஆண்களிடமும் இரண்டாம் வகை பெண்களிடமும் போய்ச் சேருகிறது. யாரும் உட்கார்ந்து பேசி அப்படி முடிவெடுப்பதில்லை. உனக்கு ஆறு, எனக்கு ஆறு என்று எண்ணிப் பார்த்தால் சமமாகத்தான் தெரியும். ஆனால் ஒருவருடைய ஆறு வேலைகள் வாரத்தில் சில மணி நேரத்தில் முடிந்துபோகும். மற்றவருடைய ஆறும் அவரை அரை மணி நேரம்கூட அந்த அறையை விட்டு நிம்மதியாக நகர விடாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, பல நாடுகளின் நேரப் பயன்பாட்டு ஆய்வுகளை வைத்துக் கணக்கிட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இது குழந்தை வளர்ப்பு, சமையல் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஒரு முதியவர் படுக்கையில் விழும்போது, ஏற்கெனவே சாய்ந்திருக்கும் இந்தத் தட்டின் மேல்தான் புதிய சுமை ஏறுகிறது. அதனால்தான் "உள்ளதை அப்படியே தொடர்வோம்" என்று விட்டுவிட்டால் அது ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது.

பங்கிட வேண்டியது மணிக்கணக்கைத்தான். எந்த மணியிலிருந்து எந்த மணிவரை அந்த முதியவருக்கு யார் பொறுப்பு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் என்ன வேலை வந்தாலும், மலமோ மாத்திரையோ மனக்கலக்கமோ, அது அவருடையது. வேலைப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு வாரக் கணக்கு

பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன் ஏழு நாள் குறிப்பு எழுதுங்கள். ஒரு நாளுக்கு ஒரு தாள். 24 மணி நேரத்தையும் அரை மணி அரை மணியாகக் கோடு போட்டால் 48 வரிகள். மூன்று கட்டங்கள் போதும்: என்ன நடந்தது, யார் செய்தது, யார் நினைவு வைத்திருந்தது. மூன்றாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். மருந்தகத்துக்குப் போய் வந்தவர் பெயர் இரண்டாவது கட்டத்தில் இருக்கும். மாத்திரை நான்கு நாளைக்குத்தான் இருக்கிறது என்று பார்த்தவர், சீட்டைத் தேடி எடுத்தவர், போகச் சொல்லி இரண்டு முறை நினைவூட்டியவர் பெயர் மூன்றாவதில் வரும். ஒரே ஆளின் பெயர் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடினால், அந்த வீட்டில் மற்றவர் சொன்னதைச் செய்கிறாரே தவிர பொறுப்பை ஏற்கவில்லை என்று தெரிந்துவிடும். குரல் உயர்த்திப் பேசிப் புரியவைக்க முடியாததை இந்தத் தாள் புரியவைக்கும்.

இரண்டு, மூன்று நாள் எழுதிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. மலச்சிக்கல், மருத்துவமனைப் பயணம், படுக்கை விரிப்பு துவைப்பது போன்றவை வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும்; ஆனால் வரும் நாளில் பாதி நாளை விழுங்கிவிடும்.

எவ்வளவு துணை தேவை என்று தெரிந்துகொள்ள, 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி கேட்ஸ் குழுவினர் வகுத்த ஆறு அடிப்படைச் செயல்களை எடுத்துக்கொள்ளலாம்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, உண்பது. ஒவ்வொன்றிலும் தானாகச் செய்கிறாரா, துணை வேண்டுமா என்று குறியுங்கள். நான்குக்கு மேல் துணை வேண்டியிருந்தால், பகல் முழுக்க ஒரே ஆள் தாங்குவார் என்று திட்டமிடாதீர்கள். முடியாது.

கைமாற்றும் நேரம்

முறை மாறும் நேரத்தை எழுதி வைத்துவிட வேண்டும். காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று மூன்றாகவோ, வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் காலை 5 முதல் 8, மாலை 6 முதல் 10 என்று துண்டுகளாகவோ பிரித்துக்கொள்ளலாம். "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்குறுதியை ஏற்காதீர்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லைதான், ஆனால் அதை நம்பி மற்றவர் வெளியே போக முடியாது.

கைமாற்றும்போது ஒரு நோட்டில் இவ்வளவும் எழுதியிருக்க வேண்டும்: கடைசியாகச் சிறுநீர், மலம் போன நேரம்; சாப்பிட்ட அளவு, குடித்த தண்ணீர் மில்லிலிட்டரில்; கொடுத்த மாத்திரை, கொடுக்காமல் விட்ட மாத்திரை, ஏன் விட்டது; கடைசியாக எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தது, எத்தனை மணிக்கு; தோலில் சிவப்பு, புண்; வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழப்பம், இருமல். எழுத இரண்டு நிமிடம் ஆகும். இதை எழுதாத வீடுகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றேதான்: ஒரே மாத்திரை இரண்டு முறை உள்ளே போகும், அல்லது இருவரும் மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். சர்க்கரை நோய் மாத்திரையிலோ இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையிலோ அது நடந்தால் ஆபத்து. வாரத்துக்கான ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை ஒருவர் நிரப்பி, இன்னொருவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அரைத்துக் கொடுக்கக் கூடாத மாத்திரைகளும் உண்டு: உடலில் மெதுவாகக் கரைய வேண்டியவை, குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு உள்ளவை. விழுங்கச் சிரமப்படுகிறார் என்று பொடித்துக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் மருந்தாளரிடம் கேட்டு, பெட்டி மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

"எனக்குத் தெரியாது" என்பதற்கு மருந்து

ஆண்கள் உடல் பராமரிப்பிலிருந்து ஒதுங்குவதற்கு அடிக்கடி சொல்லும் காரணம், தெரியாது, கைக்கு வராது என்பது. பெண்களுக்கும் இது பிறவியில் வருவதில்லை. செய்யச் சொல்லி விட்டுவிட்டதால் கற்றுக்கொண்டார்கள். நான்கு செயல்களைக் கற்றால் ஒருவர் முழு முறையைத் தனியாகப் பார்க்க முடியும்: புரட்டுவது, நாற்காலிக்கு மாற்றுவது, படுக்கையில் உடல் துடைப்பதும் டயபர் மாற்றுவதும், ஊட்டுவது. ஒவ்வொன்றையும் ஒரு முறை பார்த்து, இரண்டு முறை மற்றவர் பக்கத்தில் நிற்கச் செய்து, பிறகு தனியாகச் செய்யும் வரிசையில் கற்றால் பயம் போய்விடும்.

புரட்டுவது. அசைய முடியாதவரை ஒரே நிலையில் விட்டால் எலும்பு துருத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் சாகத் தொடங்கும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை ஆகியவற்றைத்தான் தினமும் பார்க்க வேண்டும். முழுதாக 90 பாகை பக்கவாட்டில் படுக்கவைத்தால் எடை முழுவதும் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் விரிப்பில் படாமல் தொங்கவிடுங்கள். இடது, மல்லாந்து, வலது என்று வரிசை மாறாமல் போங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், இன்னும் கெடும். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டும் வேலை ஒழிவதில்லை. இடைவெளியைச் சற்று நீட்டலாம், அவ்வளவுதான்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. ஆணுக்குப் பலம் அதிகம், அவர் தூக்கட்டும் என்று இதை மட்டும் ஆணிடம் கொடுப்பது வழக்கம். பலத்தை நம்பித் தூக்குகிறவர்தான் முதலில் முதுகு பிடித்து உட்காருகிறார். நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வுகளில் வகுத்த வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. எந்தப் பெரியவரின் உடல் எடையும் அதைத் தாண்டும். அதனால் ஆணானாலும் பெண்ணானாலும் தூக்கக் கூடாது. அவரையே எழவைக்க வேண்டும். நாற்காலியை அவருடைய பலமுள்ள கை, கால் இருக்கும் பக்கமாகக் கட்டிலை ஒட்டிப் போடுங்கள். வீல்சேர் என்றால் பிரேக்கைப் போட்டு, கால்தாங்கியை மடக்கிவிடுங்கள். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள், ஏனென்றால் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவார்கள். பாதம் தரையில் ஊன்றி, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும், பக்கவாதம் வந்த பக்கத்தில் கட்டாயம் கூடாது. உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொல்லி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, உங்கள் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலை அணைத்துக்கொண்டு எழுப்புங்கள். பிறகு சிறு சிறு அடியாகத் திரும்பி, நாற்காலி காலின் பின்பக்கம் தொட்டதும் உட்காரவையுங்கள். கட்டிலில் கீழே சரிந்தவரை மேலே நகர்த்துவது மட்டும் இருவர் வேலை. இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்ட விரிப்பின் இரு ஓரத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டும். ஒருவரே இழுத்தால் தோல் உராய்ந்து பிய்யும். இதற்காகவே இருவரும் வீட்டில் இருக்கும் நேரம் ஒன்றைக் குறித்துவையுங்கள்.

உடல் துடைப்பதும் டயபரும். தண்ணீர் 37 முதல் 40 பாகை செல்சியஸ். முழங்கையால் தொட்டால் இதமாக இருக்க வேண்டும். முதலில் சோப்பில்லாமல் கண், பிறகு முகம், கழுத்து, கை, மார்பு, வயிறு, கால், முதுகு, கடைசியாக மறைவிடம். அந்தத் துணியையும் தண்ணீரையும் வேறு எங்கும் பயன்படுத்தக் கூடாது. பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மலக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். பெண்ணைப் பராமரிக்கும் ஆண்கள் பலருக்கு இது தெரியாது. ஆணைப் பராமரிக்கும் பெண்களுக்குத் தெரியாதது வேறொன்று: முன்தோல் எளிதில் பின்னுக்கு நகர்ந்தால் நகர்த்திக் கழுவிவிட்டு மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். விட்டுவிட்டால் இறுகி வீங்கி அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியிருக்கும். நகராவிட்டால் பலவந்தப்படுத்த வேண்டாம். மார்புக்கு அடி, தொடை இடுக்கு, வயிற்று மடிப்பு ஆகிய இடங்களில் ஈரம் தங்கினால் தோல் வெந்துபோகும். ஒற்றி எடுத்து உலரவிட்டு, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். டயபர் கனத்துத் தொங்கும்வரை காத்திருக்கக் கூடாது. மலம் போயிருந்தால் உடனே, சிறுநீர் மட்டும் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் சிறுநீர்ப் பையைவிடக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. நாற்காலிக்கு மாற்றும்போது பையை மடியில் வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. போன சிறுநீர் திரும்ப உள்ளே போய்த் தொற்று வரும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்புவதற்குள் காலி செய்யுங்கள்.

ஊட்டுவது. நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியில், வாயில் இருப்பதை விழுங்கிய பிறகு அடுத்தது. நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார், புரையேறும். அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். விழுங்கிய பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால், உணவு மூச்சுக்குழாய் வாசலில் நிற்கிறது. நிறுத்தி இருமச் சொல்லுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். ஒரு வேளை உணவை ஊட்ட 30 முதல் 45 நிமிடம் ஆகும். 10 நிமிடத்தில் முடித்தேன் என்று ஒருவர் சொன்னால் அந்த வேகத்தைப் பாராட்டாதீர்கள்.

கூச்சம் யாருடையது?

மகன் அம்மாவைக் குளிப்பாட்டுவதா, மருமகள் மாமனாரைச் சுத்தம் செய்வதா என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த முதியவர். அவரிடம் கேட்காமலே அவர் கூச்சப்படுவார் என்று மற்றவர்கள் முடிவு செய்வது நடக்கிறது. பல நேரங்களில் கூச்சம் செய்ய வேண்டியவருடையதாக இருக்கிறது. தனியாக, யாரும் கூட இல்லாதபோது, நேராகக் கேளுங்கள்: "இதை யார் செய்தால் உங்களுக்குச் சங்கடம் இல்லை?" பேச முடியாதவரானால் உடல் சொல்லும். கை இறுகுவது, முகம் திருப்புவது, தொடையை ஒட்டிக்கொள்வது எல்லாம் பதில்.

சங்கடம் என்று சொன்னால் அதற்கும் வழி உண்டு. பெரிய துண்டால் உடல் முழுக்க மூடி, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, உடனே மூட வேண்டும். மறைவிடத்தைத் துடைக்கக் கை அசையுமானால் நனைத்த துணியை அவர் கையிலேயே கொடுத்து, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மகன் இருக்கும் முறையில் முதுகு, கை, கால், தலை அவர் துடைக்கலாம். மறைவிடம் மட்டும் மகள் முறைக்கு நகர்த்தலாம். இப்படி நகர்த்தும்போது அதற்கு ஈடாக மகளின் முறையிலிருந்து ஏதாவது ஒன்று மகனிடம் போக வேண்டும், தள்ளிப்போட முடியாத வகையிலிருந்தே போக வேண்டும். இரவு முறை அதற்குப் பொருத்தமானது. ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் ஏற்க வேண்டும்: மலம் போன பிறகு காத்திருக்கவைக்க முடியாது. மகள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றால் அங்கே இருக்கும் மகன்தான் செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் ஈரத்தில் கிடப்பது கூச்சத்தைவிடப் பெரிய அவமதிப்பு.

நினைவாற்றல் இழப்பு நோய் உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. சொந்த மகனையே யாரோ அந்நிய ஆள் என்று நினைத்து அலறுவார்கள். அப்போது வாதாட வேண்டாம். விலகி, பத்து நிமிடம் கழித்து வேறு ஆள் வரட்டும். அதை அவர் மகன்மீது கொண்ட வெறுப்பாக எடுத்துக்கொண்டு "என்னால் முடியாது, என்னைப் பார்த்தாலே கத்துகிறார்" என்று ஒரேயடியாக விலகுவது தவறு. காலையில் அமைதியாக ஏற்பார், அந்தி சாயும் நேரத்தில் மறுப்பார். எந்த மணியில் ஏற்கிறார் என்று நோட்டில் பார்த்து முறையை மாற்றிக்கொள்ளலாம்.

இரவு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டியவர் இருக்கும் வீட்டில், இரவு முறைக்காரருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்த தூக்கமே கிடையாது. இதை ஒரே ஆள் வாரம் முழுக்கச் செய்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு அடுப்படிக்கும் போனால், சில வாரங்களில் மாத்திரை மாறிப்போவதும், எரிந்து விழுவதும், அவரே படுத்துவிடுவதும் நடக்கும். ஆளுக்கு ஐந்து மணி நேரமாவது உடையாத தூக்கம் கிடைக்கும்படி பிரியுங்கள்: இரவு 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை ஒருவர். ஒருநாள் விட்டு ஒருநாள் முழு இரவு என்றும் செய்யலாம். முறையில்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். பக்கத்து அறையில் காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுப்பது ஓய்வாகாது. "எனக்குக் காலையில் வேலைக்குப் போக வேண்டும்" என்று ஆண்கள் இரவிலிருந்து விலக்குக் கேட்பதுண்டு. வீட்டில் இருப்பவருக்கும் காலையில் வேலை இருக்கிறது, அதுவும் ஓர் உயிரைக் கையாளும் வேலை. விடுமுறை நாட்களுக்கு முந்தைய இரவுகளையாவது முழுதாக ஏற்பது மிகக் குறைந்தபட்சம்.

விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும்

பங்கு பிரிவதைப் பெண்கள் தாங்களே தடுத்துவிடும் இடமும் ஒன்று இருக்கிறது, பல ஆண்டு பழக்கத்தால். மகனோ கணவனோ விரிப்பை வேறு விதமாக மடித்தாலும், முதலில் வலது கையைத் துடைத்தாலும், "தள்ளுங்கள், நானே செய்கிறேன்" என்று வாங்கிக்கொள்வது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை அவர் வரமாட்டார். ஆகவே எது பாதுகாப்பு, எது பழக்கம் என்று முதலிலேயே பிரித்துச் சுவரில் ஒட்டுங்கள். மாத்திரை அளவு, புரட்டும் இடைவெளி, ஊட்டும்போது நிமிர்ந்த நிலை, சுத்தம் செய்யும் திசை, பிரேக், இவை பேச்சுக்கு இடமில்லாதவை. யார் செய்தாலும் மாறக் கூடாது. எந்தச் சட்டை, எந்த நேரத்தில் தலை சீவுவது, துண்டு எங்கே கிடப்பது, இவை முறையில் இருப்பவர் விருப்பம். முறை முடியும்வரை மற்றவர் அந்த அறைக்குள் போகாமல் இருப்பது நல்லது.

அதேபோல, கண்ணுக்குத் தெரியாத வேலையையும் துண்டு துண்டாக அல்லாமல் முழுதாகக் கைமாற்றுங்கள். மருந்து என்றால் இருப்பைப் பார்ப்பது, ஏழு நாளைக்கு மட்டும் மிஞ்சும்போது வாங்குவது, சீட்டைப் புதுப்பிப்பது, பெட்டியை நிரப்புவது எல்லாம் ஒருவருடையது. டயபர், கையுறை, களிம்பு இருப்பு இன்னொருவருடையது. குழாய் மாற்ற வேண்டிய நாள், இரத்தப் பரிசோதனை நாள் எல்லாம் ஒரே நாட்காட்டியில் இருந்து, அதைப் பார்க்க வேண்டியவர் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். "வாங்கி வரச் சொல்லவில்லையே" என்ற வாசகம் கேட்கிறது என்றால் அந்த வேலை இன்னும் கைமாறவில்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். பணம் தேவைதான். கூடவே, தூரத்திலிருந்தே முழுதாக ஏற்கக்கூடியவை உண்டு: காப்பீட்டுக் கடிதங்கள், மருந்து ஆர்டர், மருத்துவரோடு தொலைபேசிப் பேச்சு, தினம் ஒரே நேரத்தில் முதியவரோடு அரை மணி நேரம் காணொளிப் பேச்சு (அந்த அரை மணியில் வீட்டில் இருப்பவர் குளிக்கலாம்). விடுப்பு எடுத்து வரும்போது விருந்தாளியாக வராமல், முழு முறையை ஏற்க வர வேண்டும். முதல் நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் வழக்கமாகப் பார்ப்பவரைக் குறைந்தது 48 மணி நேரம் வீட்டை விட்டு அனுப்புங்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்தாலும், அவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவர் வராத நாளைச் சமாளிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் வேலைதான். அதுவும் பங்கீட்டில் ஒரு வரியாக வரட்டும்.

முதிய தம்பதியரிடம் கதை வேறு. மனைவி படுத்துவிட்ட வீட்டில் கணவரே முழுநேரப் பராமரிப்பாளர் ஆகிறார், பலர் மிகுந்த அக்கறையோடு செய்கிறார்கள். ஆனால் அவருக்குச் சமைக்கவோ துவைக்கவோ தெரியாமல் இருக்கலாம். அன்றாடத் திறன்களை அளக்க 1969-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லாட்டனும் பிரோடியும் உருவாக்கிய அளவுகோலில் எட்டுச் செயல்கள் உண்டு; ஆண்களுக்கு மட்டும் சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைத்தல் மூன்றையும் கழித்து ஐந்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்த மூன்றையும் வேறு யாரோ செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அளவுகோலுக்குள்ளேயே புகுந்திருந்தது. அந்த வேறு யாரோ நோயாளியாகும்போது உதவி தேவைப்படுவது இரண்டு பேருக்கு. பிள்ளைகள் அம்மாவை மட்டும் விசாரித்துவிட்டுப் போகாமல் அப்பாவின் சாப்பாடு, துணி, அவருடைய சொந்த மாத்திரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கணவர் படுத்து மனைவி பார்க்கும் வீட்டில் ஆபத்து எடையில் இருக்கிறது: தன்னைவிட 20 கிலோ கனமானவரைப் புரட்ட முயன்று அவரும் விழுவார். அங்கே சறுக்கு விரிப்பு (அடியில் போட்டு எளிதாக நகர்த்த உதவும் வழுக்கும் துணி), உயரம் மாற்றும் கட்டில், இடுப்பு பெல்ட் மூன்றும் முதல் செலவாக இருக்கட்டும்.

எந்தப் பங்கீடும் சில மாதங்களுக்கு மேல் அப்படியே பொருந்தாது. கீழே விழுந்த பிறகு, புதிய மருந்து தொடங்கிய பிறகு, மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு முறைகளை மறுபடி எழுத வேண்டும். இதில் முக்கியமானது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாள். குழாய் உணவு கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் ஊசி போடுவது ஆகியவற்றைச் செவிலியர் அன்று கட்டிலருகே நிற்பவருக்குத்தான் சொல்லிக்கொடுப்பார், மற்றவர் அந்த நேரத்தில் பில் கட்டும் வரிசையில் நின்றிருப்பார். அன்று கற்றவர் தலையிலேயே அந்த வேலை மாதக்கணக்கில் தங்கிவிடும். பில்லை முந்தைய நாளோ பிறகோ பார்த்துக்கொண்டு, இருவரும் கட்டிலருகே இருங்கள். இருவரும் செவிலியர் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள். குழாய் உணவு என்றால் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்தி, கொடுக்கும் முன்னும் பின்னும் எத்தனை மில்லிலிட்டர் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்பதையும் இருவருமே கேளுங்கள்: விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி அளப்பது, நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. எந்த அறிகுறி வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பது இருவர் கைப்பேசியிலும் பதிவாகட்டும். முதல் வார முறைத் தாளை வண்டி ஏறும் முன்பே, அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். அன்று இரவு 2 மணிக்கு எழ வேண்டியவர் பெயரோடு.